எழுபத்திரண்டு தரையிறங்கிய விதம்

மேசைக்கு அந்தப் பக்கம் விமானத்தளத்தின் தலைமை அதிகாரி. அவருக்கு வலப்புறம் பயிற்சியாளர் நரசிம்மன், மூக்கில் பிளாஸ்திரியோடு. எதிரே, நாற்காலி நுனியில், பயிற்சி மாணவன் கேசவமணி. கதவோரம் மெக்கானிக் சிலுவைமுத்து. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஜன்னலை ஒட்டி, தட்டச்சுப் பொறிக்கு முன்னால் அவள்.

ஐந்து பேர். முதலில் அதைத்தான் அடித்தாள்.

வெளியே கொட்டகையில் எழுபத்திரண்டாம் எண் பயிற்சி விமானம் நின்றது. விசிறி முறிந்து, கீழ்ச்சிறகின் துணி கிழிந்து.

அதன் ஜாதகமே அவள் கையில்தான். சண்டைக் காலத்தில் மரப்பெட்டிக்குள் கப்பலேறி வந்த இரட்டைச் சிறகு விமானம். ஆறு வருடம். ஆயிரத்து நூற்றுப் பதினாறு மணி நேரம். விசிறி உடைந்தது மூன்று முறை. எருமையில் மோதியது ஒரு முறை.

ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஓட்டியவர் பெயர்.

சனிக்கிழமை விபத்துக்கு எதிரே மட்டும் வெற்றுக் கட்டம்.

"ஸ்டிக் அவன் கையிலதான் சார் இருந்தது." அன்று விமானத்தின் முன் இருக்கையில் இருந்த நரசிம்மன்.

"சார்தான் இறக்குறார்னு நெனச்சேன் சார். பேசுற குழாய் கழண்டு போச்சு." பின் இருக்கையில் இருந்த கேசவமணி.

அவள் விரல்கள் துள்ளின. அப்படியானால் யாருமே ஓட்டவில்லை!

ஆனால் கட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும். கேசவமணி பேரில் ஏற்கெனவே ஒரு விபத்து. இன்னொன்று சேர்ந்தால், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். கண் கேசவமணி மேல் போனது.

"சார்." சிலுவைமுத்து. "மண்ணுல சக்கரத் தடத்த அளந்து பாத்துட்டேன். முன்சக்கரம் ரெண்டும் வால்கட்டையும் ஒண்ணாத் தொட்டிருக்கு. பூவ வச்ச மாதிரி. ஆறு வருசத்துல இதை இப்படி ஒருத்தரும் இறக்குனதில்ல. பொறவு ஓடிப் போயித்தான் வாய்க்கால்ல குத்திருக்கு."

கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"இறக்குன மகராசன் யாருன்னு தெரிஞ்சா, கால்ல விழுந்து கும்பிடுவேன்."



நரசிம்மன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார்.

"இப்பத்தான் ஞாபகம் வருது சார். கடைசி நேரத்துல ஸ்டிக்கை நான் வாங்கிக்கிட்டேன். இறக்கினது நான்தான்."

கேசவமணி வாயைத் திறந்தான்.

சிலுவைமுத்து பலமாக இருமினார்.

"அப்போ வாய்க்கால்ல விட்டதும் நீர்தானே?" என்றார் அதிகாரி.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவளுடைய பொறி இத்தனை வேகமாக ஒருநாளும் ஓடியதில்லை. ந-ர-சி-ம்-ம-ன். கட்டம் நிறைந்தது. தாளை உருவி நீட்டினாள். அதிகாரி கையெழுத்திட்டார்.

கேசவமணி இன்னும் வாயை மூடவில்லை.

சிலுவைமுத்து யார் காலிலும் விழவில்லை. கொட்டகைக்குப் போய்விட்டார்.

உறையில் போடுமுன் ஒருமுறை படித்தாள். தேதி, நேரம், ஆட்கள், எல்லாம் சரி.

சனிக்கிழமை விபத்து. அன்று இரவு பிடித்த மழை ஞாயிறு முழுக்க விடவில்லை; ஓடுதள மண்ணெல்லாம் சேறு. சிலுவைமுத்து ஊரிலிருந்து திரும்பியது திங்கள் காலை. விடுப்புப் பதிவேடும் அவளிடம்தான் இருந்தது.

பதிவேட்டை இழுப்பறைக்குள் வைத்துச் சாத்தினாள்.

அரக்கை உருக்கினாள். முத்திரையை அழுத்தினாள்.

அது ஆறுவதற்குள், உறையோடு தபால் ஜீப்பை நோக்கி ஓடினாள்.