டயர்க்கல்லில் சிதறுகாய்

"தேங்கா உடையலேன்னா அபசகுனம்தான். நான் வேறென்ன சொல்றது?" என்று கையை விரித்தார் குஞ்சிதபாதம் குருக்கள்.

உடையாதது மட்டுமா? ஆர்டர் கிடைக்கவேண்டிப் பூஜை போட்டு, பட்டறை வாசலில் மணிவண்ணன் ஓங்கி அடித்த தேங்காய் துள்ளி எழும்பி, வேலியைத் தாண்டி, பக்கத்து வயல் சேற்றில் போய்க் குந்திக்கொண்டது. நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு பாபநாசம் வரைக்கும் கேட்டிருக்கும்.

மணிவண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. சவூதியில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவன், பழைய லாரி டயரை அரைத்த தூளைச் சிமென்ட்டில் கலந்து தரைக்கல் போடும் பட்டறை வைத்திருந்தான். வாசலிலும், வருகிறவர்கள் பார்க்கட்டுமே என்று, ரப்பர் தூளைத் தாராளமாகக் கலந்த அதே கல்லைத்தான் பதித்திருந்தான்.

பார்த்தவர்கள் எல்லாம், "தரை பஞ்சராயிடாதா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்களே தவிர, ஒருத்தரும் வாங்கவில்லை. இன்றைக்கும் ஆர்டர் கிடைக்காவிட்டால் மறுபடி சவூதிதான். விசா தயார். நிறைமாதமாக இருந்த அவன் மனைவி ஆர்த்தி, பிரசவம் வரைக்குமாவது இருக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆர்டரைத் தரவேண்டிய தியாகேசன், நெற்றி நிறைய விபூதியோடு காரில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். "பெரிய எடம், தரை முழுக்க மாத்தணும்" என்று மட்டும் போனில் சொல்லியிருந்தார். கல்யாண மண்டபமாகத்தான் இருக்கும் என்று ஆர்த்தி அடித்துச் சொல்லியிருந்தாள்.

"காய் சரியில்ல சார். இப்பப் பாருங்க!" என்று மணிவண்ணன் இன்னொரு தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கி, தம் கட்டி அடித்தான். அதுவும் எகிறி, உருண்டு, தியாகேசன் காலடியில் போய் நின்றது.

அவர் அதை எடுத்து நகத்தால் சுண்டினார். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். "நல்லா முத்துன காய்தான். காய்மேல பழியப் போடாதீங்க."

"பம்புசெட்டு கருங்கல்லுல உடைச்சிடலாமே" என்றார் குருக்கள்.

"வேணாம் சாமி. இந்தக் கல்லுலயே இன்னொரு தடவ அடிக்கட்டும். நல்லா ஓங்கி!"

மணிவண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. இந்த மனுஷன் வேலை மெனக்கெட்டுக் கேலி பண்ண வந்திருக்கிறாரா? காயை அவர் கையிலிருந்து வாங்கி, வந்த கோபத்தையெல்லாம் சேர்த்து அடித்தான். பாழாய்ப்போன தேங்காய் அப்போதும் துள்ளியது. தியாகேசன் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கீறல்கூட இல்லை.

ஆர்த்திக்குப் பொறுக்கவில்லை. "கல்லு வேணான்னா வேணான்னு சொல்லிட்டுப் போங்க சார்! ஏன் இப்படி நோகடிக்கிறீங்க? பொறக்கப்போற புள்ள அப்பன் முகத்தப் பார்க்கக் குடுத்துவைக்கல, அவ்வளவுதானே!" என்று சொல்லும்போதே தேம்பிவிட்டாள்.

தியாகேசன் பதறிப்போய்த் தேங்காயைக் கீழே வைத்தார்.

"அழாதம்மா, லாரியிலேருந்து எறக்குறப்பவே பாதிக் காய் உடைஞ்சுபோவுதுன்னு தவிக்கிற தேங்கா மண்டிக்காரன் நான், எனக்கு இந்தக் கல்லுதான் வேணும்!"