பதிமூன்றாவது ஆள்

முகம் சிதைந்துபோன பிணத்தின் படத்தை நீட்டி, இது உங்கள் மகனா என்று கேட்டால் எந்தத் தகப்பன் என்ன சொல்லுவான்?

“இல்ல,” என்றார் கண்ணுசாமி. படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

வக்கீல் ஹமீதா பானு கோபப்படவில்லை. நீடாமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவள். போர்க்குற்றம் விசாரிக்கிற வெளிநாட்டுக் கோர்ட்டுக்காக இந்தப் பக்கத்துக் குடும்பங்களைத் தேடிப் பிடிப்பது அவள் வேலை.

“நல்லாப் பார்த்துட்டுச் சொல்லுங்க ஐயா.”

“என்னத்தப் பார்க்கிறது? ஏஜெண்டு ஒரு காயிதம் கொண்டாந்தான், மவன் வெளிநாடு போயிட்டான். கலெக்டர் ஆபீஸ்ல ஒரு காயிதம் கொடுத்தானுங்க, காணலைன்னு. இப்ப நீங்க ஒண்ணத் தூக்கிக்கிட்டு வர்றீங்க. காயிதம் வந்து எந்த வீட்டுல நல்லது நடந்துச்சு?”

கதவோரம் நின்ற மருமகள் மலர்க்கொடி, “அவங்க சொல்றதக் கேளுங்க மாமா,” என்றாள். புருசன் வளவன் உயிரோடு இருக்கிறான் என்று மாமனார் ஆறு வருசமாகச் சொல்லச் சொல்ல, நம்பிக்கொண்டு இருப்பவள். வெள்ளிக்கிழமை தவறாமல் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், போன் வந்ததா என்று கேட்டுவிட்டு வருகிற மனுசனை எப்படி நம்பாமல் இருப்பது?

ஹமீதா சொன்னாள். வளைகுடாவில் ஒரு பேரீச்சைத் தோட்டம். நம் பக்கத்து ஆட்கள் பதிமூன்று பேர் அங்கே வேலை பார்த்தார்கள். சண்டை வந்தது. பட்டாளம் உள்ளே புகுந்து, கையைப் பின்னால் கட்டிச் சுட்டது. மணலைத் தோண்டியதில் கிடைத்த பிணம் பன்னிரண்டு. பதினொன்றுக்கு ஆள் தெரிந்துவிட்டது. இந்த ஒன்றுதான் தெரியவில்லை.

கண்ணுசாமி நிமிர்ந்தார்.

“அப்ப ஒருத்தன் தப்பிச்சிருக்கான்.”

“ஆமாங்க.”

“பார்த்தியா புள்ள? நான் என்ன சொன்னேன்!”

மலர்க்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

ஹமீதா தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு படத்தை எடுத்தாள். அதில் முகம் இல்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிய இரண்டு கைகள் மட்டும்.

“தப்பிச்சவன்தாங்க மத்தவங்க கையைக் கட்டிக் கொடுத்தது. பட்டாளத்துல இருந்த ஒருத்தனே சாட்சி சொல்லிட்டான். அதுக்காகத்தான் அவனை மட்டும் விட்டாங்களாம்.”

கண்ணுசாமி இந்தப் படத்தைப் பார்த்தார்.

பேரீச்சை நார்க் கயிறு. முடிச்சு இல்லை. இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி, அடியில் மடக்கிச் செருகியிருந்தது. அறுத்த நெல்லை வைக்கோலில் திரித்த பிரியால் கட்டுகிறவன் அப்படித்தான் கட்டுவான். இழுக்க இழுக்க இறுகும்.

எல்லாரும் வலப்பக்கமாக முறுக்குவார்கள். இது இடப்பக்கமாகப் போயிருந்தது.

இந்த ஊர் வயலில் அப்படி முறுக்குகிறவன் ஒருவன்தான். இடக்கை வேண்டாமடா என்று கண்ணுசாமி வைக்கோல் பிரியாலேயே அடித்துப் பார்த்தும் திருந்தாதவன்.

வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். அவர் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“ஏம்மா, துப்பாக்கிய நெஞ்சுல வச்சிக் கட்டுடான்னா? அவன் என்ன பண்ணுவான்?”

“சொன்ன அதிகாரி மேல வழக்கு இருக்குங்க. அந்த நாட்டையே பதில் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்காங்க. ஆனா செஞ்சவனும் பதில் சொல்லித்தான் ஆகணும். பயந்துதான் செஞ்சேன்னா, அதையும் அவனே கோர்ட்டுக்கு வந்து சொல்லணும்.”

“அதுவரைக்கும்?”

“தேடுவாங்க. எந்த நாட்டுல இருந்தாலும்.”

கண்ணுசாமி முதல் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இப்போது ரொம்ப நேரம் பார்த்தார். முகம் என்று எதுவும் இல்லாத அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இதான் எம்மவன்.”

“இப்பதானே இல்லைன்னீங்க?”

“மனசு ஒப்பல, அதான் சொன்னேன். பெத்தவனுக்குத் தெரியாதா? எழுதிக்கோங்க. வளவன் செத்துட்டான்.”

மலர்க்கொடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்துச் சனங்கள் ஓடி வந்தார்கள். கண்ணுசாமி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கட்டைவிரலை நீட்டினார். ஹமீதா அதைப் பிடித்து மையில் ஒற்றி, காகிதத்தில் வைத்தாள்.

“இன்னும் ஒரு வீடுதாங்க பாக்கி,” என்றாள், காகிதத்தை மடித்தபடி. “அதிராம்பட்டினத்துல மெஹராஜ் பேகம்னு ஒரு அம்மா. அவங்களும் இந்தப் படத்தைப் பார்த்துட்டு இல்லைன்னுட்டாங்க. தப்பிச்சது என் புள்ளதான்னு, உங்கள மாதிரியேதான் சொன்னாங்க. நாளைக்குப் போய், அது சரி, தப்பிச்சது உங்க புள்ளதான்னு சொல்லணும்.”

“அந்தம்மா என்ன பண்ணும்?”

“மொதல்ல சந்தோசப்படுவாங்க,” என்றாள் ஹமீதா.