தாழ் அதிர்வு விசாரணை

தமிழிலக்கிய வரலாற்றில் முதல் தடவையாக ஒரு சப்வூபர், அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர் பெட்டி, குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது என்பதை மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு அறியத் தருகிறோம். கூண்டு கிடைக்காதபடியால், வெள்ளவத்தையில் இலக்கியப் பேரவைத் தலைவர் சிவகடாட்சத்தின் வீட்டு ஹோலில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

சொந்தக்காரர் றெஜி, கொட்டாஞ்சேனையில் சவுண்ட் செற் வாடகைக்கு விடுபவர். லிஃப்ற் வேலை செய்யாததால், அந்த ஆளுயரப் பெட்டியைத் தோளில் வைத்து நாலு மாடியும் தனியாக ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

குற்றம் இதுதான். போன ஞாயிறு பம்பலப்பிட்டியில் தலைவரின் நூல் வெளியீடு; மேடையில் நின்றது இந்தப் பெட்டி. அவர் ஏற்புரையைத் தொடங்கியபோது மண்டபத்தில் எண்பது பேர். இரண்டேகால் மணித்தியாலம் கழித்து முடித்தபோது ஏழு பேர். அதில் நாலு பேர் கதிரை அடுக்க வந்தவர்கள்.

"என்ர பேச்சுக்கு ஆக்கள் எழும்பிப் போன சரித்திரம் இல்லை," என்றார் தலைவர். "இன்ரநெற்றில வாசிச்சனான். இருபது ஹெர்ட்ஸுக்குக் கீழ வாற சத்தம் காதுக்குக் கேக்காது. நேரா வயித்தைக் கலக்கும். ஆக்கள் இருக்கேலாமல் ஓடுவினம்."

செயலாளர் கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர் பதினைந்தாவது நிமிடத்தில் வெளியேறியவர். அவருக்கு அந்தக் கணமே நோய் பிடிபட்டது.

"ஓம் சேர், அதுதான். நெஞ்சுக்குள்ள ஒரே நடுக்கம். பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்து பாத்தனான், ஏலாமப் போச்சு."

பொருளாளர் இப்றாஹிம் ஹாஜியார் இருபதாவது நிமிடம்.

"எனக்கு வகுத்துக்குள்ள உருண்டிச்சி. இல்லாட்டி நான் உங்கட பேச்ச உட்டுட்டுப் போற ஆளா?" என்றவர், பெட்டியைப் பார்த்துவிட்டுக் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். "இது இப்ப பிளக்ல இல்லதானே?"

"இல்ல ஹாஜியார்," என்றார் றெஜி.

"அப்பிடி ஈந்தும் ஒரு மாதிரியாத்தான் ஈக்கிது."

தலைவரின் முகம் தெளிந்தது. ஒரு கிழமையாகச் சாப்பாடு இறங்காத மனிதர், ரீச்சர் நீட்டிய பிஸ்கட்டை எடுத்துக் கடித்தபடி தீர்ப்புச் சொன்னார். றெஜியின் சவுண்ட் செற் உடல்நலத்துக்குக் கேடு என்று கொட்டாஞ்சேனை தொடங்கிக் கல்கிசை வரை ஒரு மண்டபம் விடாமல் கடிதம் போகும்.

"சேர், வாற கிழமை ரெண்டு கலியாண வீடு இருக்கு. கடிதம் போனா என்ர தொழில் முடிஞ்சுது."

"பெட்டியை மேடைக்குக் கொண்டுவர முதல் நீர் அதை யோசிச்சிருக்க வேணும்."

ரீச்சர் கடிதத் தாளை எடுத்து, பேனையின் மூடியைக் கழற்றினார்.

"எழுத வேண்டாம் ரீச்சர். சேர், மேடையில உயரமா ஒண்டு நிக்கோணும், போட்டோவில விழோணும் எண்டு நீங்கதான் கேட்டீங்க. அதாலதான் வச்சனான்."

"அதுக்கு?"

"வெறும் பெட்டி சேர். உள்ளுக்கு ஸ்பீக்கரே இல்ல."