இரண்டு படங்கள்

"கையக் கொடுங்க" என்று பெயின்டரின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவிழ்ந்து கிடந்த சட்டைக்கைப் பொத்தானை மாட்டிவிட்டார் டெய்லர். அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பி முப்பத்தோரு வருஷமாகிறது.

"உள்ள போய்ச் சத்தம் போட்டுறாதீங்க."

"போன தடவகூட சத்தம் போடல. மேசையத் தட்டினேன், அவ்வளவுதான்" என்றார் பெயின்டர்.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் அதிகாரி கண்ணாடிக் கதவு வழியாக இருவரையும் பார்த்தார். ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர்கள் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டார். சிநேகிதனுக்காகப் பொய்ச் சாட்சி சொல்ல வருகிறவர்களை வாரத்துக்கு நாலு பேராவது பார்க்கிற மனிதர் அவர். போர் என்றால் டி.வி.யில் பார்த்ததோடு சரி.

பெயின்டர் கேட்டது ஒரே ஒரு காகிதம். தோளில் பாய்ந்த குண்டு இன்னும் உள்ளேயே இருக்கிறது, இப்போது கழுத்துப் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டது. இது போரில் பட்ட காயம்தான் என்று இந்த அலுவலகம் எழுதிக் கொடுத்தால் ராணுவ மருத்துவமனையில் எடுத்துவிடுவார்கள். ஆனால் அவருடைய பதிவேடுகள் ஒரு வெள்ளத்தில் கூழாகிவிட்டன.

அரசாங்கம் விட்ட கோட்டைக்குக் குடிமகன்தானே அத்தாட்சி தேட வேண்டும்? நேரில் பார்த்த சாட்சியைக் கொண்டுவா என்றார்கள். சாட்சி கிடைக்காமல் இரண்டு மனுக்கள் திரும்பின. மூன்றாவதும் தள்ளுபடியானால் நான்காவது கிடையாது.

அதிகாரி பெயின்டரை மட்டும் முதலில் உள்ளே கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"குண்டு பட்ட எடத்த வரைங்க. எது எங்க இருந்துச்சு, நீங்க எங்க விழுந்தீங்க, எல்லாம் வரணும்."

பெயின்டர் இடது கையால் வரைந்தார். வாய்க்கால், தண்ணீர்த் தொட்டி, இடிந்த சுவர், விழுந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அதிகாரி தாளைக் கவிழ்த்து வைத்து, அவரை ஓரத்து நாற்காலிக்கு அனுப்பிவிட்டு டெய்லரை அழைத்தார்.

"ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. ஆமா, உங்க சாட்சிப் படிவத்துல படைப்பிரிவுங்கிற எடம் ஏன் காலியா இருக்கு?"

"அத நேர்ல சொல்லிக்கலாம்னு விட்டேன் சார். அதாவது..."

"கதையெல்லாம் அப்புறம். இவர் குண்டு பட்டு விழுந்தத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்" என்றார் டெய்லர். குரல் இறங்கிவிட்டது. "நல்லாப் பாத்தேன்."

"அப்ப வரைங்க."

டெய்லர் துணியில் அளவு போடுகிற நிதானத்தோடு வரைந்தார். பெருக்கல் குறி போடும் இடத்தில் மட்டும் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"இவர் வாய்க்கால மேல போட்டிருக்காரு, நீங்க கீழ போட்டிருக்கீங்க. இவருக்குத் தொட்டி இடது பக்கம், உங்களுக்கு வலது பக்கம். கூட்டிட்டு வரும்போது ஒழுங்காச் சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வரக் கூடாதா?"

பெயின்டர் எழுந்துவிட்டார். "சார், அவர் பொய் சொல்ற ஆளில்ல."

"உக்காருங்க. பொய்ச் சாட்சிக்கு ஜெயில், தெரியும்ல? மனு தள்ளுபடி. போலீஸுக்கும் எழுதத்தான் போறேன்." சிவப்புப் பேனாவின் மூடி கழன்றது.

போலீஸ் என்றதும் பெயின்டரின் முகத்தில் ஈயாடவில்லை. தோளைப் பற்றிய கவலையே அவருக்கு மறந்துபோயிற்று.

"மனு போனாப் போகட்டும் சார். குண்டு என்கூடவே இருந்துட்டுப் போகட்டும். ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து வந்த மனுஷன், அவர விட்டுருங்க." டெய்லரின் தோளைத் தொட்டார். "ஒண்ணும் சொல்லாதீங்க. வாங்க, போயிரலாம்."

"போறதுக்கா வந்தேன்?" என்றார் டெய்லர்.

தான் வரைந்த தாளின் மேல் விரலை வைத்து, மேசையிலேயே அதை மெல்லத் திருப்பினார். மேல் பக்கம் கீழே வந்தது, கீழ்ப் பக்கம் மேலே போனது. பிறகு அதைப் பெயின்டரின் படத்தோடு ஒட்டினாற்போல் நகர்த்தி வைத்தார்.

வாய்க்காலுக்கு நேரே வாய்க்கால். தொட்டி இருந்த பக்கமே தொட்டி, சுவர் இருந்த பக்கமே சுவர். பெருக்கல் குறிகூட ஒரு நூல் தப்பவில்லை.

அதிகாரி இந்தத் தாளைப் பார்த்தார், அந்தத் தாளைப் பார்த்தார். சிவப்புப் பேனா எழுதாமல் நின்றது.

"எடம் ஒண்ணுதான்... அப்படின்னா நீங்க வாய்க்காலுக்கு அந்தாண்ட நின்னுல்ல பாத்திருக்கணும்? மனுப்படி அங்க நம்ம ஆளுங்க ஒருத்தரும் கெடையாதே!"

டெய்லர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவரச் சுட்டதே நான்தான் சார்."