சௌந்தரவல்லியின் படிகம்

அந்தப் படிகத்துக்குள் எலக்ட்ரான்களின் இரண்டு ஆற்றல் கோடுகள் ஒரே புள்ளியில் தொட்டுக்கொள்ளும், அது டோப்பாலஜிக்கல் அரை உலோகம் என்று கணக்குப் போட்டே சொல்லிவிட்டாள் சௌந்தரவல்லி. ஜெபமணியோடு கூடப் படித்தவள். உலை முன்னால் பழியாய்க் கிடந்து, தூளாகிப்போனதையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு, மிளகளவுக்கு ஒரே ஒரு படிகத்தை வளர்த்தெடுத்தவன் அவன். ஆனாலும் எல்லோரும் அதைச் ‘சௌந்தரவல்லியின் படிகம்’ என்றார்கள். கேட்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது.

படிகத்தைப் பிளந்து, அழுக்குப்படாத புதுப் பரப்பைக் காட்டினால்தான் கோடுகள் தெரியும். வெற்றிட அறைக்குள், படிகத்தின் தலையில் ஒட்டியிருந்த குச்சியைத் தட்டினான். கோணலாக உடைந்து தொலையட்டும் என்றுதான் மனசு வேண்டிக்கொண்டது. கண்ணாடிபோல் பிளந்தது. ஒளியைப் பாய்ச்சினான். திரையில் இரண்டு கோடுகள் சாய்ந்து வந்து, அவள் சொன்ன அதே இடத்தில் தொட்டன. உலகத்தில் இதைப் பார்த்தவன் இந்த நிமிடம் அவன் ஒருவன்தான்.

கைபேசி அடித்தது. அவள்தான்.

“என்னடா, தெரிஞ்சுதா?”

“இன்னும் உடைக்கவே இல்ல.”

“மெதுவாப் பண்ணுடா. இருக்கறது ஒண்ணே ஒண்ணு.”

“தெரியும்” என்று வைத்தான். பிளந்த பரப்பு வெற்றிடத்திலும் சில மணி நேரம்தான் தாங்கும். பிறகு அழுக்கேறி, கோடுகள் மங்கிப்போகும். எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டான். திரும்பி வந்து, பதிவுப் பொத்தானைத் தொடாமல், நாற்காலியைத் திரைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.