இடி விழுந்த கம்ப்யூட்டர்

தேனி பஜாரில் ‘சிஸ்டம் டாக்டர்’ என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்டவன் விஜய்ராஜ். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரின் இரண்டு பின்களை மெல்லிய கம்பியால் இணைத்தால், கம்பெனிக்காரன் பூட்டிவைத்த வேகம் திறந்துகொள்ளும் என்று எங்கோ படித்தான். சொந்தக் கம்ப்யூட்டரில் செய்து பார்க்க மனம் வரவில்லை. தூசி தட்டக் கொடுத்திருந்த கிருபாவதியக்காவின் கம்ப்யூட்டரில் செய்தான். ப்ராசஸர் புகைந்தது. கருகியதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இடியில் போய்விட்டது என்று சொல்லி ப்ராசஸர் இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைக்கிற வீடு அது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. புது ப்ராசஸரை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உண்மையைச் சொல்லிவிடுவதென்று கிளம்பினான்.

அக்கா கம்ப்யூட்டரில் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க தம்பி! இடி விழுந்துருச்சுன்னீக, முன்னைக்கு இப்பத்தான் பறக்குது. என்ன வித்தை பண்ணீக?”

“லேசா டியூன் பண்ணிவிட்டேன்க்கா,” என்றது டாக்டரின் வாய்.

பெட்டியைத் திறந்து, சுற்றிக்கொண்டிருந்த விசிறியைத் தூக்கினான். அடியில் ப்ராசஸர் இல்லை. அக்கா தட்டத் தட்ட எழுத்துகள் திரையில் வந்துகொண்டே இருந்தன. காலியிடத்தில் விரலை வைத்தான். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றிபோல் சுட்டது.