பதினேழு பேரைக் கொன்ற மத்தியானம்

ஒரே மத்தியானத்தில், உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், ஒரே குடும்பத்தில் பதினேழு பேரைத் தீர்த்துக்கட்டியவன் நான்.

நம்ப மாட்டீர்கள். என் மனைவியின் அக்காவும் நான் சொன்ன எதையும் இதுவரை நம்பியதில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால்கூடத் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஐயோ பாவம் என்பார். அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவர். பெரியக்கா என்று கூப்பிடுவோம்.

நானோ ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்லி ஓய்வு பெற்றவன். எங்கே நிற்கிறதென்றே தெரியாத வண்டியை, இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும் என்று சொல்லிப் பழகிய வாய்.

செத்தவர்கள் எல்லாரும் ஒரு நாவலில் இருந்தவர்கள். ஐந்து தலைமுறைக் கதை, ஏழு பாகம். அடுக்கி வைத்தால் மேலே ஏறி நின்று மின்விசிறியைத் துடைக்கலாம்.

இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் அவங்க ஆசைப்பட்டதைச் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவி ஆசைப்பட்டது இந்த நாவலை முடிப்பதற்குத்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் முதல் பாகத்தை மட்டும் படித்திருந்தாள். அதன் கடைசியில் வீட்டின் சின்னவள் ஒரு பெட்டியோடு படியிறங்கிப் போகிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் பெரியவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறாள்.

சின்னவள் திரும்பி வந்தாளா என்று என் மனைவிக்குத் தெரியவேண்டும். நாளைக்குப் படித்துக்கொள்ளலாம், நாளைக்குப் படித்துக்கொள்ளலாம் என்று சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஆயுசே ஓடிவிட்டது.

கண்ணாடி போட்டாலும் எழுத்து நிற்கவில்லை என்றாள். அதனால் நான் வாசித்தேன்.

எழுதினவருக்கு அவசரமே கிடையாது. ஒரு மாமா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்கு நாற்பது பக்கம். பிறக்கிற ஆணுக்கெல்லாம் தாத்தா பெயரையே வைத்துத் தொலைத்ததால், யார் பிறந்தார், யார் போனார், யார் யாருக்குச் சித்தப்பா என்று எனக்கே கிறுகிறுத்தது.

என் தொண்டை உப்புத்தாள் ஆகிவிட்டது. அவளும் களைத்துப்போனாள். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே தூங்கிவிடுவாள். விழிப்பதற்கு வரவர நேரம் கூடிக்கொண்டே போனது.

அன்று ஐந்தாம் பாகத்தின் பாதியில் நின்றோம். கண்ணைத் திறக்காமலே, முடிஞ்சிடுமா என்று கேட்டாள்.

முடித்துவிடலாம் என்றேன். அப்போதுதான் கொலையில் இறங்கினேன்.

மூன்று மாமாக்களை ஒரே படகில் ஏற்றினேன். அவ்வளவுதான். நிலத்துக்காக ஆறாம் பாகம் முழுக்க வழக்காட வேண்டிய சித்தப்பாவும் மருமகனும் தீர்ப்பைக் கேட்ட மாத்திரத்தில் மாரடைத்து விழுந்தார்கள். ஒருவர் துக்கத்தில், மற்றவர் சந்தோஷத்தில். இரட்டையரில் ஒருவனைத்தான் நான் கொன்றேன். இன்னொருவன் தானாகவே போய்விட்டான், நல்ல பிள்ளை. ஒரு விஷக்காய்ச்சலில் வீட்டின் மேற்குப் பகுதியே காலி.

வாசிக்கிறவன் போலவே பக்கத்தையும் ஒழுங்காகப் புரட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

பெரியக்கா அந்த நாவலை முழுதாக இரண்டு முறை படித்தவர். கால்மாட்டில் உட்கார்ந்து தங்கையின் பாதத்தை நீவிக்கொண்டே, ஒவ்வொரு சாவுக்கும் தொண்டையைக் கனைத்தார். அந்தப் படகு எங்கே வருது மாப்பிள்ளை என்று ஒரு தடவை கேட்டும் விட்டார். பழைய பதிப்பில் இருக்கிறது என்றேன். பதிப்பைப் பற்றி என்னிடமா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

என் மனைவியின் உதட்டோரம் லேசாக நெளிந்தது.

"ஏங்க, எதுக்கு இப்படிக் கூண்டோட அனுப்புறீங்க?"

நான் அசரவில்லை. கையில் இருந்தவர்களையும் அனுப்பிவைத்தேன்.

உண்மையில் ஆறாம் பாகத்தில் யாரோ போகிற போக்கில் சொல்லும் அரை வரியில், சின்னவள் எங்கோ வெளியூரில் செத்துப்போயிருந்தாள். யாரும் போய்ப் பார்க்கவில்லை. நான் முன்னாலேயே புரட்டிப் பார்த்துவிட்டேன்.

அத்தனை பேரைக் கொன்றவன் அவளை மட்டும் விட்டுவைத்தேன்.

ஏழாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, என் வேலைக்காலக் குரலில், அவளைத் தெருமுனை திருப்பி வாசல்வரை கூட்டி வந்தேன். தலை நரைத்திருந்தது. பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

என் மனைவி கண்ணைத் திறந்தாள். கதவை யார் திறந்தது என்று கேட்டாள்.

திறப்பதற்கு வீட்டில் ஆள் வேண்டாமா? எல்லாரையும்தான் வாரிக் கொடுத்துவிட்டேனே. பெரியவளைப் படகில் ஏற்றினேனா, காய்ச்சலில் அனுப்பினேனா என்றுகூட நினைவில்லை. பக்கத்தைப் பார்த்தேன். அதில் யாரோ ஒரு பேரன் வீட்டை விற்றுக்கொண்டிருந்தான்.

அவள் என்னைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், கையை மட்டும் நீட்டினாள்.

"அக்கா, நீ சொல்லு. இவர் வாயை நம்ப முடியாது. சின்னவ வந்தாளா?"

இடம் மாறிய காற்புள்ளியைக்கூட மன்னிக்காதவர் பெரியக்கா. என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்தாடி. இவர் சொன்ன மாதிரிதான் நடந்துச்சு. பெரியவதான் ஓடிப்போய்க் கதவைத் தொறந்தா."